எல்.எம்.பி. டாக்டர் போன பிறகு

ஜோசப் போர் தலைமையிலான சுகாதாரக் குழு 1946-இல் தன் அறிக்கையை அளித்தபோது பிரிட்டிஷ் இந்தியாவில் பதிவு பெற்ற ஆங்கில மருத்துவர்கள் ஏறத்தாழ 47,500 பேர். அவர்களில் பட்டதாரிகள் 17,000-த்துச் சொச்சம்தான். மற்ற 30,000 பேரும் மருத்துவப் பள்ளிகளில் படித்து உரிமம் பெற்றவர்கள். சென்னை மாகாணத்தில் அவர்களை எல்.எம்.பி. டாக்டர் என்றார்கள். சிற்றூர்க் கடைத்தெருவில் திண்ணை வைத்த ஒரு வீடு, உள்ளே திரைக்குப் பின்னால் மிக்ஸ்சர் கலக்கும் காம்பவுண்டர், எத்தனை வேளை மருந்து என்று காட்டக் காகிதப் பட்டை ஒட்டிய பாட்டில். சுதந்திரத்துக்குப் பிறகும் நெடுங்காலம் பல ஊர்களில் இது பழகிய காட்சி. அந்த டாக்டர் ஊரை விட்டுப் போகமாட்டார். போவதற்கு அவருக்கு வேறு இடமும் கிடையாது.

இனி இப்படிப்பட்டவர்களை உருவாக்க வேண்டாம் என்று போர் குழு சொன்னது. ஐந்தரை ஆண்டுப் பட்டப்படிப்பு ஒன்றே இருக்கட்டும், எல்லா ஊருக்கும் ஒரே தரத்து டாக்டர் போகட்டும் என்றது. எம்.பி.பி.எஸ். இந்த நாட்டில் ஆங்கில மருத்துவத் தொழிலுக்கு ஒரே வாசலாக நிலைபெற்றது இந்த முடிவால்தான். கிராமத்துக்கு டாக்டர் இல்லை என்ற பேச்சு எழும்போதெல்லாம், அன்று மூடிய வாசலைத் திறந்தால் என்ன என்று யாராவது கேட்கிறார்கள். கூடாது என்று மருத்துவச் சங்கங்கள் தெருவுக்கு வருகின்றன. இருதரப்பும் படிப்பு எத்தனை ஆண்டு என்பதிலேயே நிற்கின்றன. அந்த ஆண்டுகளில் மாணவர் எங்கே நிற்கிறார், வார்டிலா வகுப்பிலா அல்லது கோச்சிங் செயலியின் முன்னாலா என்பதுதான் பெரிய கேள்வி என்று நினைக்கிறேன். இருநூறு ஆண்டுக் கதையைப் பார்த்தால் இது புரியும்.

1835 பிப்ரவரியில் சென்னையில் மருத்துவப் பள்ளி தொடங்கியது. கிழக்கிந்தியக் கும்பினியின் படைகளுக்குக் காயம் கட்டவும் மருந்து கலக்கவும் ஆள் வேண்டியிருந்தது. அப்போதிக்கரிகளும் டிரெஸ்ஸர்களும் ஏற்கெனவே மருத்துவமனைகளில் எடுபிடி வேலை பார்த்தபடியே தொழிலைப் பழகிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பழக்கத்துக்கு ஒரு பாடத்திட்டத்தைக் கொடுக்கவே பள்ளி வந்தது. அதாவது வார்டு முதலில், வகுப்பு பிறகு. அதே ஆண்டில் கல்கத்தாவில் நடந்தது வேறு. 1822 முதல் இந்திய மொழிகளில் மருத்துவம் சொல்லித்தந்த பள்ளியை மூடிவிட்டு, ஆங்கிலத்தில் மட்டுமே கற்பிக்கும் கல்லூரியைக் கவர்னர் ஜெனரல் பென்டிங்க் திறந்தார். சென்னைப் பள்ளி 1850-இல் கல்லூரி ஆனது. 1857-இல் பல்கலைக்கழகம் வந்தது. அதையொட்டிப் பட்டமும் வந்தது. பட்டத்துக்கு நுழைவுத் தகுதி, அந்தத் தகுதிக்கு ஆங்கிலம், ஆங்கிலத்துக்கு நகரம் என்று ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு வந்தன.

இந்த இழுவையை அந்தக் காலத்திலேயே கண்டுகொண்டவர் ஒருவர் பாக்குநீரிணைக்கு அப்பால் இருந்தார். சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் மருத்துவர் 1847-இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து, அடுத்த ஆண்டு மானிப்பாயில் தங்கி மாணவர்களைச் சேர்த்தார். முதலில் சேர்ந்தவர்களுக்கு ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். படித்து முடித்தவர்கள் அரசாங்க உத்தியோகத்துக்கும் வெளியூர்களுக்கும் போய்விட்டார்கள். கிராமங்களில் தங்கவேண்டிய வைத்தியர்கள் தங்கவில்லை. இதைக் கவனித்த கிறீன் 1860-களில் தமிழிலேயே வகுப்பு நடத்தத் தீர்மானித்தார். பாடநூல்கள் இல்லை. ஆகவே மொழிபெயர்க்க உட்கார்ந்தார். ‘இரணவைத்தியம்’ வந்தது, ‘மனுஷ அங்காதிபாதம்’ வந்தது, ‘கெமிஸ்தம்’ வந்தது. ஆயிரக்கணக்கான பக்கங்கள். மாணவர்கள் கோட்டும் காற்சட்டையும் போட்டுத் துரைமார் கோலத்துக்கு மாறுவதையும் அவர் விரும்பவில்லை. வேட்டியோடு வந்து வேட்டியோடு போய் அவரவர் ஊரில் வைத்தியம் பார்க்கட்டும் என்பது அவர் எண்ணம். 1873-இல் அவர் நாடு திரும்பும்போது 60-க்கும் மேற்பட்டவர்கள் அவரிடம் படித்து முடித்திருந்தார்கள்.

கிறீனைத் தமிழ்த் தொண்டராகக் கொண்டாடும் மேடைகள் பல உண்டு. கொண்டாடட்டும். அவர் செய்தது மொழிப் பற்றால் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. டாக்டர் எங்கே போய் நிற்பார் என்பதை அவர் படித்த விதமே தீர்மானிக்கிறது என்று கண்டவர் அவர். தமிழில் படித்தவருக்கு இந்தியாவிலோ கொழும்பிலோ வேலை கிடைப்பது கடினம் என்பது அவருக்குத் தெரியும். அதைத் தெரிந்தேதான் செய்தார். இதில் ஒரு கசப்பும் இருக்கிறது. ஊரில் டாக்டர் நிலைக்க வேண்டும் என்பதற்காக, அந்த மாணவர்களின் மற்ற வழிகளை வேறொருவர் அடைக்கலாமா? குறுகிய படிப்பை ஆதரிக்கும் எல்லாருக்கும் உரிய கேள்வி இது. நேர்மையான பதிலை நான் இன்னும் கேட்டதில்லை.

சென்னையில் 1875-இல் நான்கு பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் மேரி ஷார்லீப். சென்னையில் வழக்கறிஞராக இருந்தவரின் மனைவி. ஆண் டாக்டரைப் பார்க்க முடியாமல் கோஷா என்ற திரைமறைவு வழக்கமுள்ள வீடுகளுக்குள்ளேயே பிரசவத்தில் சாகும் பெண்களைப் பற்றி அறிந்து, பிரசவம் பார்க்கக் கற்றுக்கொள்ள மருத்துவமனைக்குப் போனார். முதலில் பட்டமோ படிப்போ அவர் எண்ணத்தில் இல்லை. பிரசவ வார்டில் ஓராண்டு இருந்த பிறகுதான் இது போதாது, முழு மருத்துவமும் படிக்க வேண்டும் என்று கல்லூரிக் கதவைத் தட்டினார். 1878-இல் உரிமம் பெற்று, லண்டன் போய்ப் பட்டமும் பெற்று, திரும்பி வந்து 1885-இல் அவர் தொடங்கியதுதான் திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக நிற்கும் ஆஸ்பத்திரி. அதே கல்லூரியில் 1912-இல் பட்டம் பெற்றார் முத்துலட்சுமி ரெட்டி. பெண்களுக்குப் பட்டம் வெறும் அலங்காரமாக இருக்கவில்லை. ஆண்களோடு சரிசமமாகப் பேசும் தகுதியை அது தந்தது. எல்.எம்.பி.யை நினைத்து உருகுகிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

எல்.எம்.பி.யின் பொற்காலம் இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது நாற்பது ஆண்டுகள். ராயபுரம் மருத்துவப் பள்ளி, பின்னாளில் ஸ்டான்லி, அதன் முக்கியமான விளைநிலம். வேலூரில் மிஷன் மருத்துவர் ஐடா ஸ்கடர் 1918-இல் பெண்களுக்கென்று ஒரு பள்ளியைத் தொடங்கினார். ஆறு பெண்களாவது வந்தால் நடத்துங்கள் பார்க்கலாம் என்று மாகாணத்தின் சர்ஜன் ஜெனரல் சொன்னதாக வேலூரில் இன்றும் சொல்வார்கள். விண்ணப்பங்கள் குவிந்தன. 1922-இல் அந்த முதல் அணியில் 14 பேர் உரிமம் பெற்று வெளியே வந்தார்கள். வேலூர்ப் பள்ளியின் உண்மையான வகுப்பறை குடியாத்தம் சாலை என்றே சொல்லலாம். ஸ்கடரின் மோட்டார் வண்டி குறிப்பிட்ட மரத்தடிகளில் நிற்கும். ஜனங்கள் காத்திருப்பார்கள். கண் வலிக்காரர், சிரங்குப் பிள்ளை, கட்டி வந்தவர் என்று வரிசை நகரும். ‘ரோட்சைடு’ என்ற பெயரிலேயே அது வழங்கியது. கூடப் போன மாணவி புத்தகத்தில் பார்த்த நோயை முதன்முதலில் ஒரு மனிதர் மேல் பார்த்தது அங்கேதான். நோயாளியின் பேச்சு, அவர் வீட்டுக் கஷ்டம், மருந்து வாங்கிப் போனவர் அடுத்த வாரம் திரும்பி வராத காரணம் எல்லாமே அந்த மரத்தடியில் பாடம்.

சென்னை மாகாண அரசு 1920-களில் இன்னொன்றும் செய்தது. கிராமத்தில் போய்க் குடியிருந்து வைத்தியம் பார்க்கும் தனியார் டாக்டர்களுக்கு மானியம் கொடுத்தது. இந்த ஏற்பாடு எல்.எம்.பி.க்காரர்களை நம்பியே நடந்தது. அரசு வேலையிலோ அவர்கள் எப்போதும் ஒரு படி கீழே. பட்டதாரி அசிஸ்டெண்ட் சர்ஜன், எல்.எம்.பி.க்காரர் சப் அசிஸ்டெண்ட் சர்ஜன். எத்தனை ஆண்டு வேலை பார்த்தாலும் அந்த ‘சப்’ எளிதில் உதிராது. சம்பளமும் அதற்கேற்பத்தான்.

எல்.எம்.பி.யின் கதை முடியத் தொடங்கியதற்குக் காரணம் வேலூரிலும் இல்லை, ராயபுரத்திலும் இல்லை. லண்டனில் இருந்தது. இந்தியப் பட்டங்களை ஏற்பதா வேண்டாமா என்று அங்குள்ள மருத்துவ கவுன்சில்தான் சொல்லிவந்தது. 1920-களில் அது ஆட்களை அனுப்பி இங்குள்ள கல்லூரிகளைச் சோதித்தது. பிரசவப் பயிற்சி போதாது என்பது அவர்களுடைய முக்கியக் குறை. மாணவர் தம் கையால் எத்தனை பிரசவம் பார்த்தார் என்று எண்ணிக்கை கேட்டார்கள். 1844 முதல் பிரசவ மருத்துவமனை நடந்துவந்த சென்னைக்கு இந்தக் கேள்வி அவ்வளவு சிரமமில்லை. வேறு இடங்களுக்குச் சிரமம். 1930-இல் லண்டன் கவுன்சில் இந்தியப் பட்டங்களின் அங்கீகாரத்தையே நிறுத்தியது. தேசிய மானப் பிரச்சினை ஆகிவிட்டது. பதிலாக 1933-இல் இந்திய மருத்துவ கவுன்சில் சட்டம் வந்தது. அது பட்டதாரிகளை மட்டுமே கணக்கில் எடுத்தது. நாட்டின் டாக்டர்களில் பெரும்பான்மையோர் நாட்டின் மருத்துவ கவுன்சிலுக்கு வெளியே நின்றார்கள். அவர்களுடைய சங்கம் கத்திப் பார்த்தது. எங்களையும் பட்டதாரி ஆக்குங்கள் என்று கேட்டதே தவிர, எங்களை அப்படியே விட்டுவிடுங்கள் என்று அது கேட்கவில்லை. இது முக்கியமானது. எல்.எம்.பி. ஒழிய வேண்டும் என்பதில் எல்.எம்.பி.க்காரர்களுக்கே ஆர்வம் இருந்தது. இரண்டாந்தரம் என்ற முத்திரையை யார் விரும்புவார்?

அமெரிக்காவில் இதற்கு முன்பே இப்படி ஒன்று நடந்திருந்தது. ஆபிரகாம் பிளெக்ஸ்னர் 1910-இல் எழுதிய அறிக்கைக்குப் பிறகு தரம் குறைந்த பள்ளிகள் வரிசையாக மூடப்பட்டன. கறுப்பின மக்களுக்கென்று இருந்த ஏழு மருத்துவப் பள்ளிகளில் ஐந்து போயின. தரம் உயர்ந்தது உண்மை. அந்த மக்களுக்கு டாக்டர் குறைந்ததும் உண்மை.

சென்னை மாகாண அரசு 1930-களின் கடைசியில் இனிப் பட்டப்படிப்பு மட்டுமே என்று சொல்லிவிட்டது. ஸ்டான்லி 1938-இல் கல்லூரி ஆனது. அரசின் பணம் இருந்தது, ஆயிற்று. வேலூர் தத்தளித்தது. உயர்பட்டம் பெற்ற பேராசிரியர்களை அமர்த்த வேண்டும், படுக்கைகளைக் கூட்ட வேண்டும், ஆய்வுக்கூடங்கள் கட்ட வேண்டும். உலகப் போர் வேறு. எழுபது வயதைத் தாண்டிய ஸ்கடர் மீண்டும் அமெரிக்காவுக்குப் போய்ப் பணம் திரட்டினார். 1942-இல் பட்டப்படிப்பு வந்தது, 1947-இல் ஆண் மாணவர்களும் வந்தார்கள். அந்த நெருக்கடி இல்லாவிட்டால் இன்றைய வேலூர் சி.எம்.சி. இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தரத்தை உயர்த்து என்ற கட்டளை அந்தப் பள்ளியைக் கொல்லப் பார்த்தது, கடைசியில் அதை ஆளாக்கியது. ரோட்சைடும் நிற்கவில்லை. பட்டப்படிப்புக்குள் கிராமத்தை வைத்துக்கொள்ள முடியும் என்பதற்கு வேலூர் ஒரு சாட்சி. முதலாண்டு மாணவர்களே கிராமத்தில் தங்கி வீடு வீடாகப் போகும் வழக்கம் அங்கே உண்டு. படித்து முடித்தவர் தன்னை அனுப்பிய மிஷன் ஆஸ்பத்திரியில் சில காலம் வேலை செய்தாக வேண்டும் என்ற ஒப்பந்தமும் உண்டு.

இனி போர் குழு. அதன் முடிவு ஒருமனதானது என்று பலர் நினைக்கிறார்கள். ஆறு உறுப்பினர்கள் மாற்றுக் கருத்து எழுதினார்கள். 6,300 பேருக்கு ஒரு டாக்டர் இருக்கும் நாட்டில் இருக்கிற பள்ளிகளை மூடுவதா என்பது அவர்கள் வாதம். பெரும்பான்மையோ, குறைந்த பணத்தை வைத்துக்கொண்டு செய்வதை நன்றாகச் செய்வோம், கிராமத்தானுக்கு மட்டும் அரைகுறை டாக்டர் எதற்கு என்றது. அந்தக் குழுவில் இருந்தவர் ஆ. இலட்சுமணசாமி முதலியார். எழும்பூரில் பிரசவம் பார்த்த கைக்காரர். 1942 முதல் 27 ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர்.

அறிக்கையின் அந்தப் பகுதியைப் படிக்கும்போது பெரும்பான்மையின் பக்கமே மனம் சாய்கிறது. ஏனென்றால் அவர்கள் கேட்டது வெறும் ஐந்தரை ஆண்டு இல்லை. நோய்த்தடுப்பும் சமுதாய மருத்துவமும் படிப்பின் நடுவில் இருக்க வேண்டும். மாணவர் மக்களின் வீடுகளைப் பார்க்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களின் வலை நாடு முழுக்க விரிய வேண்டும். அங்கே போகத்தக்க டாக்டரை இந்தப் படிப்பு தயார் செய்ய வேண்டும். இவை ஒரே முடிவின் பாகங்கள். நாம் எடுத்துக்கொண்டது முதல் பாகத்தை. எல்.எம்.பி.யை மூடுவதற்குச் செலவு இல்லை, உடனே மூடினோம். சிலரைச் சுருக்கப் படிப்பு மூலம் எம்.பி.பி.எஸ். ஆக்கினோம். மதுரையில் 1954-இலும், தஞ்சாவூரில் 1959-இலும், பிறகு கீழ்ப்பாக்கம், கோவை, திருநெல்வேலி என்று கல்லூரிகள் எழுந்தன. இது சாதனைதான். ஆனால் பாடத்திட்டத்தில் சமுதாய மருத்துவம் பரீட்சைக்கு முந்தின மாதம் தடித்த ‘பார்க்’ பாடநூலைப் புரட்டும் பாடமாகச் சுருங்கியது. மருத்துவ மாணவர்கள் யாரைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்வார்கள்.

அவ்வப்போது சரிசெய்யவும் பார்த்தார்கள். 1970-களின் பிற்பாதியில் ஒவ்வொரு கல்லூரியும் மூன்று ஆரம்ப சுகாதார நிலையங்களைப் பொறுப்பேற்க வேண்டும் என்று ஒரு திட்டம் வந்தது. மாணவர்களை ஏற்றிப்போகப் பெரிய பெரிய வேன்களும் வந்தன. கிராமச் சாலைக்கு அடங்காத அந்த வேன்கள் பல கல்லூரிகளின் பின்புறத்தில் துருப்பிடித்தன.

பிறகு தொடங்கியது பழைய வாசலைத் திறக்கும் படலம். சத்தீஸ்கர் 2001-இல் மூன்றாண்டுப் படிப்பைத் தொடங்கியது. மருத்துவச் சங்கம் எதிர்த்தது, வழக்குகள் வந்தன, படிப்பின் பெயர் மாறி மாறிக் கடைசியில் நின்றது. படித்து முடித்தவர்களைக் கிராம மருத்துவ உதவியாளர்களாக அரசு நியமித்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் வரும் வழக்கமான நோய்களைக் கையாள்வதில் அவர்கள் எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்குச் சளைத்தவர்கள் இல்லை என்று ஆய்வு ஒன்று காட்டியது. அஸ்ஸாம் 2005-இல் தொடங்கியதை நீதிமன்றம் செல்லாது என்றது. உச்ச நீதிமன்றமும் 2023-இல் அதை உறுதிசெய்தது. மத்திய அரசு 2010-இல் மூன்றரை ஆண்டு கிராமப் பட்டம் ஒன்றைப் பேசியது, 2013-இல் அதையே பி.எஸ்சி. ஆக்கிப் பேசியது. தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2019-இல் வந்தபோது அதன் 32-ஆம் பிரிவு, குறைந்த அளவு மருத்துவம் பார்க்க வரம்புடைய உரிமம் தரலாம் என்றது. டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

பழைய வாசலை ஒரேயடியாக மூடாத ஊரும் பக்கத்திலேயே இருக்கிறது. இலங்கையில் அப்போதிக்கரி மரபு உதவி மருத்துவ அதிகாரி என்ற பெயரில் நெடுங்காலம் தொடர்ந்தது. உள்நாட்டுப் போர் ஆண்டுகளில் வடக்கின் சிறு ஆஸ்பத்திரிகள் பலவற்றில், பட்டதாரிகள் வரமுடியாதபோதோ வராதபோதோ, கதவு திறந்திருந்தது அவர்களால்தான். இதை அவர்களுக்கு உரிய மரியாதையோடு எழுதிய வரலாறு இன்னும் தேவை.

தமிழ்நாடு இந்தச் சண்டையில் பெரிதாக இறங்கவில்லை, ஏனென்றால் வேறு வழி கண்டிருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கும் எம்.பி.பி.எஸ். டாக்டருக்கு, மேற்படிப்பில் அரசு இடங்களில் பாதியை ஒதுக்கியது. கிராமத்தில் சில ஆண்டுகள் இருந்தால் பி.ஜி. கிடைக்கும். தியாகத்தை எதிர்பார்க்காத, மனித ஆசையை அறிந்த ஏற்பாடு. இதனால் கிராமத்துக்கு ஆளும் கிடைத்தார், பிறகு மாவட்ட மருத்துவமனைக்குச் சிறப்பு மருத்துவரும் கிடைத்தார். மருத்துவ கவுன்சிலின் விதியைக் காட்டி இது முடக்கப்பட்டபோது மாநிலம் கொதித்ததற்குக் காரணம் இதுதான். மாநிலங்கள் இப்படி ஒதுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் சொன்னது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்ததும் அதே ஆண்டுதான். கிறீன் தன் மாணவர்களின் வெளிவழியை அடைத்தார்; தமிழ்நாடு வெளிவழியையே கிராமத்தின் ஊடாகப் போட்டது. என் கணிப்பில் பின்னதே நியாயமானது.

ஆனாலும் இந்த வழியும் பி.ஜி. என்ற ஒரே புள்ளியை நோக்கித்தான் ஓடுகிறது. அங்கேதான் இன்றைய நோய். எம்.பி.பி.எஸ். படிப்பின் உயிர் கடைசி ஓராண்டில், ஹவுஸ் சர்ஜன் காலத்தில் இருக்கிறது. கேஸ் எடுப்பது, நரம்பு தேடி ஊசி ஏற்றுவது, இரவு டூட்டியில் மூச்சுத் திணறி வருபவரை முதலில் பார்ப்பது, இறந்தவரின் மகனிடம் எப்படிச் சொல்வது என்பது. ஆனால் முதுநிலை நீட் என்பது 200 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். அதில் வயிற்றைத் தொட்டுப் பார்க்கத் தெரிந்ததற்கு மதிப்பெண் இல்லை. ஆகவே வார்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு நூலகத்துக்கு ஓடுகிற ஹவுஸ் சர்ஜனைத் திட்டிப் பயனில்லை. அவர் புத்திசாலி. எது எண்ணப்படுகிறதோ அதைச் செய்கிறார். ராயபுரத்து எல்.எம்.பி. மாணவர் நான்கு ஆண்டில் பார்த்த நோயாளிகளை இன்றைய பட்டதாரி ஐந்தரை ஆண்டில் பார்த்திருப்பாரா என்று சந்தேகப்படப் போதுமான காரணம் இருக்கிறது.

பாடத்திட்டம் எழுதுகிறவர்களுக்கும் இது தெரியாமல் இல்லை. 2019-இல் வந்த புதிய பாடத்திட்டம் முதலாண்டிலேயே மாணவரை நோயாளியிடம் அழைத்துப் போகச் சொல்கிறது, நோயாளியிடம் பேசும் முறையைத் தனிப் பாடமாகவே வைத்திருக்கிறது. அதற்குப் பின் குடும்பத் தத்தெடுப்பு வந்தது. ஒவ்வொரு மாணவரும் கிராமத்தில் சில குடும்பங்களை ஏற்று, படிப்புக் காலம் முழுவதும் தொடர்ந்து பார்க்க வேண்டும். காகிதத்தில் இது குடியாத்தம் சாலைதான். நடைமுறையில் பல இடங்களில் இரத்த அழுத்தம் பார்த்துப் பதிவேட்டை நிரப்பி, புகைப்படம் எடுத்துக்கொண்டு பஸ் ஏறும் நாளாக அது முடிகிறது. தேர்வுக்கு உதவாத எதையும் மாணவர் அப்படித்தான் முடிப்பார்.

ஆகவே நான்காண்டா ஐந்தரை ஆண்டா என்ற விவாதத்துக்கு முன்னால் செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. முதுநிலை இடம் கொடுக்கும்போது ஹவுஸ் சர்ஜன் ஆண்டில் செய்த வேலைக்கு எடை கொடுக்க வேண்டும். எத்தனை பிரசவம் பார்த்தார், எத்தனை கேஸ் ஷீட் தம் கையால் எழுதினார், ஏற்ற குடும்பங்களில் எத்தனை பேரின் சர்க்கரை நோயைக் கட்டுக்குள் வைத்தார் என்பதை நோயாளியை முன்னால் வைத்து வெளித்தேர்வாளர் கேட்கட்டும். முறைகேடு நடக்கும், தெரிந்தவருக்கு மதிப்பெண் போடுவார்கள் என்று உடனே சொல்வார்கள். அந்தப் பயம் பொய்யில்லை. லாங் கேஸ், வைவா முதலிய செய்முறைத் தேர்வுகள் எல்லாவற்றிலும் நாம் பார்த்ததுதான். ஆனால் லண்டன் கவுன்சில் நூறு ஆண்டுகளுக்கு முன்பு இந்த எண்ணிக்கையைக் கேட்டபோது எழும்பூர்ப் பிரசவ மருத்துவமனையால் பதிவேட்டை எடுத்துக் காட்ட முடிந்தது.